வலியறியாக் கைகள்

தீமை எங்கிருந்து வந்தது என்னும் வினா, மனிதன் சிந்திக்கத் தொடங்கிய நாளிலேயே தோன்றியிருக்க வேண்டும். இறைவன் ஒருவன் உண்டு, அவன் அருளே வடிவானவன், அவனால் ஆகாதது எதுவுமில்லை என்று கொள்ளும் சமயங்களுக்கு இவ்வினா ஏனையோர்க்கு உள்ளதினும் கடுமையானது. அருளும் ஆற்றலும் ஒருங்கே உடையவன் ஆட்சியில் பச்சிளங் குழந்தை நோயால் துடிப்பது எவ்வாறு? கிரேக்க அறிஞர் எப்பிக்கூரசின் பெயரால் வழங்கும் இச்சிக்கலைக் கிறித்தவச் சமய அறிஞர் பதினாறு, பதினேழு நூற்றாண்டுகளாக அவிழ்க்க முயன்று வருகின்றனர். அம்முயற்சிகளின் வரலாற்றை எழுதுவதானால் இம்மலர் முழுவதும் போதாது. எழுதினாலும் படிப்போர்க்குப் பெரிய பயன் விளையும் என்று நமக்குத் தோன்றவில்லை.

நாம் கருத விரும்புவது அவ்வினாவின் வீட்டு வடிவத்தை. அறிஞர் அவையில் அது 'தீமைச் சிக்கல்' என்ற பெயரோடு உலவுகிறது. துக்க வீட்டிலோ, 'எனக்கு ஏன் இப்படி?' என்ற மூன்று சொற்களாகச் சுருங்கி நிற்கிறது. ஊரை விட்டு வந்து கொல்கத்தா போன்ற மாநகரில் வாழும் நம் குடும்பங்களில் ஒரு சாவு நேரிட்டால், இரத்த உறவினர் இரயிலேறி வந்து சேர்வதற்குள் இரண்டு நாள் கழிந்துவிடும். அதுவரை அண்டை வீட்டாரும் சங்கத்து அன்பர்களுமே உறவினர். வருகின்றவர் எவரும் தீய நோக்கத்தோடு வருவதில்லை. ஆயினும் சற்று நேரம் சென்றதும் அவர்கள் பேசத் தொடங்குகின்றனர். 'கடவுள் கணக்கு நமக்குத் தெரியாது' என்பார் ஒருவர். 'நல்லவர்களைத்தான் அவன் முதலில் அழைத்துக்கொள்கிறான்' என்பார் மற்றொருவர். 'எந்தப் பிறவியில் செய்ததோ' என்பது மூன்றாவது குரல். 'ஏதோ ஒரு நன்மைக்காகத்தான் இருக்கும்' என்று நாலாவது குரலும் எழும். இவற்றைக் கேட்கும் தாயின் முகத்தை உற்றுநோக்கியவர்க்கு ஒன்று புலப்படும்: விளக்கங்கள் அவள் துயரைக் குறைப்பதில்லை, அழுவதற்கு அவளுக்குள்ள உரிமையைத்தான் குறைக்கின்றன.

இது புதிய செய்தியன்று. எபிரேயர் மறைநூல்களுள் ஒன்றாகி, பின்னர்க் கிறித்தவர்க்கும் உரியதாகிய யோபு நூல் இதனையே தன் பொருளாகக் கொண்டது. குற்றமற்ற ஒருவன் மக்களையும் உடைமையையும் உடல்நலத்தையும் இழக்கிறான். எலிப்பாசு, பில்தாது, சோப்பார் என்னும் நண்பர் மூவர் வருகின்றனர். ஏழு நாள்கள் அவனோடு தரையில் அமர்ந்து வாய் திறவாதிருக்கின்றனர். அந்நூலில் அவர்கள் செய்த நற்செயல் அது ஒன்றே என்று சொன்னால் மிகையாகாது. எட்டாம் நாள் முதல் அவர்கள் இறைவனுக்காக வழக்காடத் தொடங்குகின்றனர். இறைவன் நீதியுள்ளவன், ஆகவே துன்புறுபவன் ஏதோ பிழை செய்திருக்க வேண்டும், ஒப்புக்கொண்டால் நலம் பெறலாம். வாதம் ஒழுங்கானது, பக்தியும் நிறைந்தது. யோபுவோ ஒப்ப மறுக்கிறான். இறைவனையே வழக்கு மன்றத்துக்கு அழைப்பவன்போல் முழங்குகிறான். நூலின் இறுதியில் இறைவன் சினங்கொள்வது தன்மேல் குறை சொன்ன யோபுவின் மீதன்று, தனக்காகப் பரிந்து பேசிய நண்பர்கள் மீது! இறைவனை நியாயப்படுத்துவதற்காகத் துன்புறுபவனைக் குற்றவாளியாக்கும் பக்தியை இறைவனே ஏற்கவில்லை என்று ஒரு மறைநூல் துணிந்து சொல்வது சிறிய செய்தியன்று. யோபுவின் நண்பர்கள் எல்லாச் சமயத்திலும் இருக்கின்றனர். நம் மாடிக் குடியிருப்பிலும் இருக்கின்றனர்.

நற்செய்தி நூல்களிலும் இப்போக்கே காணப்படுகிறது. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர், இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று இயேசுவிடம் கேட்பதாக யோவான் எழுதுகிறார். இரண்டும் இல்லை என்பதே விடை. அடுத்து அவர் செய்வது விளக்கமன்று, மருத்துவம்: மண்ணைக் குழைத்துக் கண்ணில் பூசுகிறார். சீலோவாமில் கோபுரம் சரிந்து 18 பேர் இறந்த செய்தி லூக்கா நூலில் வருகிறது. இறந்தோர் பிறரினும் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை இயேசு மறுக்கிறார். உடனே கேட்டோரை நோக்கி, உங்கள் வாழ்வைத் திருத்திக்கொள்ளுங்கள் என்கிறார். இவ்விரு இடங்களிலும் வினாவின் முகம் திருப்பப்படுகிறது. 'அவனுக்கு ஏன் வந்தது?' என்று கேட்டவர்கள், 'நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்?' என்ற கேள்வியோடு வீடு திரும்புகின்றனர். கிறித்தவ அறத்தின் உயிர்நிலை இத்திருப்பத்தில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து. சமய அறிஞர் எழுப்பிய கோட்டைகளைவிட இச்சிறு திருப்பம் நமக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆயினும் அக்கோட்டைகளுள் ஒன்றை நாம் ஒதுக்கிவிட இயலாது. அது வட ஆப்பிரிக்காவில் 354-ஆம் ஆண்டு பிறந்து 430-இல் மறைந்த புனித அகுஸ்தீனார் எழுப்பியது. இளமையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர் மானிக்கேயர் கூட்டத்தோடு இருந்தார். ஒளி, இருள் என்னும் இரு பேராற்றல்கள் உலகில் போரிடுகின்றன. தீமை இருளின் படைப்பு என்பது அவர்கள் கொள்கை. வசதியான கொள்கைதான்; நாம் செய்யும் தீமைக்கு நம்மை விட்டு வேறொரு முகவரி கிடைத்துவிடுகிறது. அகுஸ்தீனார் இதைக் கைவிட்டு வேறொரு முடிவுக்கு வந்தார். தீமை என்பது ஒரு பொருளன்று. இருக்க வேண்டிய நன்மை இல்லாமற் போன இடம் அது. கண்ணில் குருடு என்று ஒரு பொருள் குடியேறவில்லை. பார்வை இல்லை, அவ்வளவே.

படிக்கும்போது இது சொற்சிலம்பம் போலவே தோன்றும். பஞ்சமும் படுகொலையும் வெறும் 'இன்மை' என்றால் யார் ஒப்புவர்? நாமும் ஒப்பாமல்தான் இருந்திருப்போம், இந்நகரின் வரலாறு நமக்குத் தெரியாதிருந்தால். 1943-ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் மாண்டோர் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் என்பது பொருளியலறிஞர் அமர்த்தியா சென் அவர்களின் மதிப்பீடு. அவ்வாண்டு நாட்டில் அரிசியின் மொத்த இருப்பு அத்துணைப் பேரழிவை விளைக்கும் அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. வாங்கும் வலிமை ஏழை உழவுக் கூலியாட்களிடம் இல்லாமற் போனதே காரணம் என்று 1981-இல் வெளிவந்த நூலில் அவர் விரிவாகக் காட்டினார். கடைகளில் உணவு இருந்த தெருக்களிலேயே கிராமத்து மக்கள் விழுந்து இறந்தனர். அக்கடைகளின் முன்னே அரக்கர் எவரும் வாளேந்தி நிற்கவில்லை. இருக்க வேண்டிய ஒன்று இல்லை. ஓர் அரசுக்கும் ஒரு சமுதாயத்துக்கும் இருந்திருக்க வேண்டிய அக்கறை இல்லை. 'இன்மை' என்னும் சொல் எத்துணைக் கொடிய சொல்லாக இருக்கக்கூடும் என்பதை அறிய இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அகுஸ்தீனாரிடம் இன்னொரு செய்தியும் உண்டு. தம் வாழ்க்கையை ஆராய்ந்து அவர் எழுதிய நூலில் பெரும் பாவங்கள் விரைந்து சொல்லப்படுகின்றன; பதினாறு வயதில் தோழரோடு சேர்ந்து அயலான் மரத்தில் பேரிக்காய் திருடிய செய்தி மட்டும் பக்கம் பக்கமாக நீள்கிறது. பசியில்லை; வீட்டில் அதைவிட நல்ல காய் இருந்தது; பறித்தவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தனர். பின் எதற்காகத் திருடினோம் என்று முதிர்ந்த வயதில் தம்மையே குடைந்து குடைந்து கேட்கிறார். அவர் கண்ட விடைகளுள் ஒன்று: தனியாக இருந்தால் செய்திருக்கமாட்டோம் என்பது. கூட்டத்தில் இருக்கும்போது வெட்கப்படாமல் இருப்பதே பெருமையாகிவிடுகிறது. இந்தப் பேரிக்காயை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இனி வேலூருக்குச் செல்வோம். தமிழர் என்று நம்மை அறிந்ததும் வங்காள அண்டை வீட்டார் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் அவ்வூரைப் பற்றியதாகவே இருக்கிறது. ஹவுராவிலிருந்து காட்பாடி வழியாகச் செல்லும் வண்டிகளில் நோயாளிகளும் துணைக்குச் செல்வோரும் நிறைந்திருப்பதை நம்மில் பயணம் செய்யாதவர் யார்? அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பிறப்பே நம் பொருளோடு தொடர்புடையது. ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்க இளம்பெண், திண்டிவனத்தில் மருத்துவராக இருந்த தந்தையிடம் வந்து தங்கியிருந்த காலத்தில், ஓரிரவில் மூன்று வீட்டார் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிள்ளைப்பேற்றில் துடிக்கும் தம் மனைவியரைக் காக்க வருமாறு அவரை அழைத்தனர். அவர் மருத்துவம் கற்றவர் அல்லர். கற்ற தந்தையோ ஆண். அயல் ஆடவன் தொடலாகாது என்பது வழக்கம். மறுநாட் காலைக்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டனர். அக்கணவர்களுள் எவரும் கொடியவர் அல்லர். இரவில் உதவி தேடி ஓடி வந்தவர்கள். கொன்றது எவருடைய வெறுப்புமன்று, வழக்கம். ஐடா அம்மையார் இறைவனின் நீதியைப் பற்றி நூல் எழுத முற்படவில்லை. மருத்துவம் படிக்கச் சென்றார். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய பணியும், 1918-இல் பெண்களுக்கெனத் தொடங்கிய மருத்துவப் பள்ளியுமே இன்றைய பெருநிறுவனத்தின் வித்துகள்.

நாம் சொல்ல வந்தது அங்குப் பின்னர்ப் பணியாற்றிய மற்றொருவரைப் பற்றி. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்டு, இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் கற்று 1946-இல் வேலூர் வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றபோது மடங்கிய விரல்களும் குறைந்த விரல்களும் அவர் கண்ணில் பட்டன. இவை ஏன் இவ்வாறாயின என்று கேட்டார். தொழுநோயில் சதை தானே அழுகி உதிர்கிறது என்பதே அன்று பரவலாக இருந்த எண்ணம். மருத்துவருள்ளும் பலர் அவ்வாறே நம்பினர். ஆராய்ந்து பார்த்தபோது அந்த எண்ணம் நொறுங்கியது. அக்கைகளின் சதை மற்றவர் சதையைப் போன்றதே. காத்தால் புண் ஆறியது. நோய்க்கிருமி நரம்புகளைத் தாக்கிக் கையிலும் காலிலும் வலியுணர்வை அழித்துவிடுகிறது. அதன்பின் விரலை அழிப்பது நோயன்று, அன்றாட வாழ்க்கை. சுடுகின்ற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறார். கல் குத்திய காலோடு நெடுந்தூரம் நடக்கிறார். இரவில் எலி வந்து விரலைக் கடித்தாலும் விழிப்பதில்லை. நோயாளிகள் உறங்கும் இடங்களில் பூனை வளர்க்கச் செய்தது அம்மருத்துவமனை கண்ட எளிய வைத்தியங்களுள் ஒன்று. துருப்பிடித்த பூட்டொன்றைத் தம்மால் திறக்க இயலாதபோது ஒரு சிறுவன் எளிதில் திருகித் திறந்ததையும், வியந்து அவன் கையைப் பார்த்தபோது சாவி விரலை எலும்பு வரை கிழித்திருந்ததையும் பிராண்டு எழுதியிருக்கிறார். சிறுவன் சிரித்துக்கொண்டு நின்றானாம்.

இக்கண்டுபிடிப்பால் மருத்துவம் மாறியது. செயலிழந்த தசைகளுக்கு மாற்றாக நல்ல தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி மடங்கிய விரல்களை அவர் நிமிர்த்தினார். வலியறியாத பாதங்களுக்கு மென்ரப்பர்ச் செருப்புகள் செய்வித்தார். பெற்ற நோயாளிகள் பிச்சையெடுக்காமல் உழைத்து உண்ணும் வழி பிறந்தது. தொழுநோயைப் பாவத்தின் உவமையாக்கிப் பன்னூறு ஆண்டுகள் பேசியவர்கள் (கிறித்தவரும் இதில் குறைந்தவரல்லர்) அந்நோயாளிகளுக்குச் செய்த கொடுமையை இங்கே மறைக்க வேண்டுவதில்லை. இந்நோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற விதி நம் நாட்டுத் திருமணச் சட்டங்களிலிருந்து நீக்கப்பட்டதே 2019-இல்தான். மருந்தால் முற்றும் தீரும் என்பது உறுதியாகிப் பல பத்தாண்டுகள் கடந்த பின்னும் சட்டப் புத்தகத்துக்கு அச்செய்தி எட்டவில்லை!

ஆகவே நோயாளியை உவமையாக்க நாம் முற்படவில்லை. உவமையாக்க வேண்டியது நலமாக இருப்பவரை. பிராண்டின் கண்டுபிடிப்பு அகுஸ்தீனாரின் கொள்கைக்குக் கிடைத்த உடற்கூற்று விளக்கம் போல நமக்குத் தோன்றுகிறது. சிதைவைச் செய்தது வந்து சேர்ந்த ஒன்றன்று, இல்லாமற்போன ஒன்று. அன்றாட வாழ்வின் தீமையும் பெரும்பாலும் இத்தகையதே. கொலையும் கொள்ளையும் செய்தித்தாளில் வருவன; அவற்றைச் செய்பவர் சிலர். நம் வீட்டிலும் தெருவிலும் நாள்தோறும் நடைபெறும் தீமையோ, உணர்வு மரத்துப்போன நல்லவர்களால் நடைபெறுவது. வீட்டுப் பணிப்பெண்ணுக்கென அலமாரியின் கீழ்த்தட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும் தனிக் குவளையை யாரும் வெறுப்போடு வைக்கவில்லை. வைத்ததே நினைவில்லை, அதுதான் செய்தி. காய்ச்சலில் கிடந்த இரு நாளுக்கு அவள் சம்பளத்தைப் பிடிக்கும் குடும்பத் தலைவி கோயிலுக்கும் நன்கொடை தருகிறார், சங்கத்துக்கும் தருகிறார். அவரைத் தீயவர் என்பது பொய்யாகும். எந்த இடத்தில் வலி எழுந்திருக்க வேண்டுமோ அந்த இடத்தில் எழவில்லை என்பதே உண்மை.

இவ்வகை மரத்துப்போதலுக்குக் கோயிலும் விலக்கன்று. நெல்லைச் சீமையின் தென்கோடியிலுள்ள வடக்கன்குளம் தமிழ்க் கத்தோலிக்கர் வரலாற்றில் பெயர்பெற்ற ஊர். நீலகண்ட பிள்ளை என்னும் திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் 1745-இல் அங்கேதான் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் வேறுபாடின்றிப் பழகியது அவர்மேல் பகை மூண்டதற்குரிய காரணங்களுள் ஒன்று. 1752-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் நாள் உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பீடம் ஒன்றாகவும் மண்டபம் இரண்டாகவும் ஒரு கோயில் கட்டப்பட்டது. இரு காற்சட்டைக் கால்கள்போல் பிரிந்து சென்ற அம்மண்டபங்களில் சாதிக்கு ஒன்றாக மக்கள் நின்று, ஒருவரை ஒருவர் காணாமல் ஒரே பலியைக் கண்டனர். நடுவில் இருந்த தடுப்பு 1910-இல்தான் அகற்றப்பட்டது. அதுவும் அமைதியாக நிகழவில்லை, வழக்கு மன்றம் வரை சென்றது.

அக்கோயிலில் மண்டியிட்டவர்கள் போலிப் பக்தர்கள் என்று எண்ணிவிடலாகாது. நோன்பு நோற்றவர்கள், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டியவர்கள், சமாரியன் கதையை ஆண்டுதோறும் கேட்டவர்கள். கட்டடம் எழுப்பிய கொத்தன் தூக்குநூல் பிடித்து நேர்பார்த்திருப்பான்; பணம் கொடுத்தவர் புண்ணியம் என்றே கொடுத்திருப்பார். பேரிக்காயை இங்கே நினைவுகூர வேண்டும். தனியே ஒருவன் தன் அயலானை மறைக்கச் சுவரெழுப்பத் துணியமாட்டான். ஊரே சேர்ந்து எழுப்பும்போது அது சுவராகத் தெரிவதில்லை, ஒழுங்காகத் தெரிகிறது. தேவசகாயத்துக்கு வலித்த இடத்தில் அவர்களுக்கு வலிக்கவில்லை.

இயேசு கூறிய சமாரியன் கதையிலும் ஒரு நுட்பத்தைக் காணலாம். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழியில் ஒருவனைக் கள்வர் அடித்துப் போட்டனர். கள்வர் யார், அவர்களுக்கு என்ன தண்டனை என்பது பற்றிக் கதையில் பேச்சில்லை. தீமை எங்கிருந்து வந்தது என்னும் பகுதி ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. மீதிக் கதை முழுவதும் கடந்து சென்றவரைப் பற்றியும் நின்றவனைப் பற்றியுமே. குருவும் லேவியனும் அவனைக் காணாமல் போகவில்லை, கண்டுதான் போயினர். பழகிய கண்ணுக்குக் காண்பதும் காணாமையும் ஒன்று. செய்த பாவங்களோடு, செய்யத் தவறியவற்றுக்கும் மன்னிப்பு வேண்டும் வழக்கம் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர் முதலான திருச்சபைகளின் பொது மன்றாட்டில் இடம்பெற்றிருப்பது இதனால்தான். செய்யாமையைக் குற்றமாகக் கருதுவது எளிதன்று. நீதிமன்றம் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. மனச்சான்றுக்கு மட்டுமே உரிய எல்லை அது.

இருபதாம் நூற்றாண்டில் இதனை மிகக் கொடிய இடத்தில் கண்டவர் ஹன்னா அரெண்ட். யூதர்களைக் கொலைமுகாம்களுக்கு ஏற்றிச் செல்லும் வண்டிகளை ஏற்பாடு செய்த ஐக்மனின் வழக்கு 1961-இல் எருசலேமில் நடந்தபோது, கண்ணாடிக் கூண்டுக்குள் ஓர் அரக்கனை எதிர்பார்த்துச் சென்ற அவர், பதவி உயர்வைப் பற்றியும் மேலதிகாரியின் ஆணையைப் பற்றியும் பழகிப்போன சொற்றொடர்களிலேயே பேசும் அலுவலர் ஒருவரைக் கண்டதாக எழுதினார். அதற்காக அவர் கடுமையாகத் தாக்கப்பட்டார்; ஐக்மன் அத்துணை எளிய மனிதன் அல்லன், வெறுப்பில் ஊறியவனே என்று பின்வந்த வரலாற்றாசிரியர் சான்றுகளோடு காட்டியுள்ளனர். இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. ஆயினும், பிறர் நிலையிலிருந்து எண்ணிப்பார்க்கும் ஆற்றலின் இன்மையே தீமைக்கு வழியாகிறது என்ற அவர் கருத்து ஐக்மனுக்குப் பொருந்தாவிடினும் நமக்குப் பொருந்துகிறது. அரெண்ட் 1929-இல் வெளியிட்ட முனைவர்ப் பட்ட ஆய்வு அகுஸ்தீனாரின் அன்புக் கொள்கையைப் பற்றியது என்பது இங்கே தற்செயலாகத் தோன்றவில்லை.

அப்படியானால் மரத்துப்போன உணர்வை மீட்பது எவ்வாறு? பிராண்டு இதனை உடலளவில் முயன்று பார்த்தார். 1966-இல் அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபின், செயற்கை வலி ஒன்றை ஆக்க அவரும் தோழரும் பல ஆண்டுகள் பாடுபட்டனர். அழுத்தத்தை அளக்கும் நுண்கருவிகள் பொருத்திய கையுறை. அழுத்தம் மிகுந்தால் ஓர் எச்சரிக்கை ஒலி. நோயாளிகள் ஒலியைக் கேட்டனர், வேலையை நிறுத்தவில்லை. ஒலிக்குப் பதிலாக, உணர்வுள்ள உறுப்பில் சிறு மின்னதிர்ச்சி உண்டாகுமாறு அமைத்தனர். கருவியை ஒருவர் இறுக்கித் திருக வேண்டி வந்தது. என்ன செய்தார்? மின்னிணைப்பை அணைத்துவிட்டு, திருகி முடித்து, மீண்டும் இணைத்துக்கொண்டார்! அணைக்க முடிந்த வலி வலியே ஆகாது என்று கண்டு அம்முயற்சியைக் கைவிட்டனர். ஞாயிறன்று கோயிலில் கேட்கும் அறவுரை பெரும்பாலும் இக்கையுறையின் ஒலியைப் போன்றது. கேட்கிறோம், இடையூறாகும் நேரத்தில் அணைக்கிறோம், பிறகு இணைத்துக்கொள்கிறோம். அறநூல்களைக் குறைகூறுவதாக இதனைக் கொள்ள வேண்டா. வெளியிலிருந்து கட்டிய கருவிக்கு உள்ள எல்லை அது.

தம் அனுபவம் முழுவதையும் பிராண்டு 1993-இல் ஒரு நூலாக வெளியிட்டார். யாரும் விரும்பாத கொடை என்று வலிக்கு அதில் பெயரிட்டார். இவ்விடத்தில் நாம் ஒரு தடை எழுப்பியாக வேண்டும். வலி கொடை என்ற சொல்லை யோபுவின் நண்பர்கள் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? புற்றுநோயில் துடிப்பவரிடம் சென்று, இது இறைவன் தந்த கொடை என்பார்கள். அவருக்குத் தேவை மார்பின் மருந்து; சொற்பொழிவன்று. எச்சரித்து முடிந்த பின்னும் நிற்காத வலியால் பயன் யாது? குழந்தைகளின் துன்பத்தைக் காட்டி, இவ்விலை கொடுத்துப் பெறும் சொர்க்கத்துக்கு எனக்கு நுழைவுச் சீட்டு வேண்டா என்று மறுக்கும் இவான் கரமசோவைத் தாஸ்தாயெவ்ஸ்கி 1880-இல் படைத்து முடித்தார். அவர் ஆழ்ந்த கிறித்தவர். ஆயினும் அவ்வாதத்துக்கு நேர்விடை எதையும் தம் நாவலில் அவர் எழுதவில்லை. இவானின் தம்பி எழுந்து வந்து அண்ணனை முத்தமிடுகிறான், அவ்வளவே. சிலுவையில் தொங்கியவரும் 'ஏன்' என்று கேட்டதாகவே மாற்குவும் மத்தேயுவும் எழுதுகின்றனர்; அக்கேள்விக்கு அந்நேரத்தில் வானத்திலிருந்து விடை வந்ததாக அவர்கள் எழுதவில்லை. கேட்பதே பாவம் என்று துக்க வீட்டில் சொல்பவர் இதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

ஆகவே, தன் வலியைக் கொடை என்று சொல்லும் உரிமை வலியுற்றவர்க்கு உண்டு. பக்கத்தில் நிற்பவர்க்கு இல்லை. பக்கத்தில் நிற்பவர்க்கு உள்ளது வேறு கடமை: கட்டுப் போடுவது, வண்டி பிடிப்பது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அன்று இரவு உணவு சமைப்பது, ஒன்றும் இயலாவிட்டால் ஏழு நாள் வாய் திறவாமல் உட்கார்ந்திருப்பது.

பிராண்டின் பெற்றோரைப் பற்றிச் சொல்லாமல் இதனை முடிக்க மனமில்லை. ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லின் அம்மையாரும் காய்ச்சலுக்குப் பெயர்போன கொல்லிமலையில் மருத்துவமும் கல்வியும் உழவும் கற்பித்து வாழ்ந்தவர்கள். மகனை ஒன்பதாம் வயதில் படிப்புக்காகக் கப்பலேற்றி அனுப்பினர். யாருடைய காய்ச்சலுக்கெல்லாம் மருந்து கொடுத்தாரோ அந்தக் காய்ச்சலே 1929-இல் ஜெஸ்ஸியைக் கொண்டுபோயிற்று. இறப்புச் செய்தி தந்தியில் போய்ச் சேர்ந்த பின்னும், தந்தை முன்னே எழுதிய கடிதங்கள் கப்பல் வழியாக மகனுக்கு வந்துகொண்டிருந்தன. யோபுவின் நண்பர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது. நன்மை செய்ய வந்தவனுக்கு இது ஏன்?

ஈவ்லின் அம்மையார் இங்கிலாந்து சென்று சில காலம் தேறி, மீண்டும் தமிழ்நாட்டுக்கே வந்தார். வயதைக் காட்டி அவரை அனுப்பியிருந்த சபை ஓய்வளித்தது. ஓய்வு பெற்றவர் தம் பொருட்களை மூட்டை கட்டிக்கொண்டு தாமாகவே மலைக்கு ஏறினார். எழுபது வயதுக்கு மேல் மட்டக்குதிரையில் அமர்ந்து, கொல்லிமலையிலும் சுற்றியுள்ள மலைகளிலும் ஊர் ஊராகச் சென்றார். விழுந்து எலும்பு முறிந்தும் நிறுத்தவில்லை. நரம்புச் சிலந்திப் புழு கிடந்த கிணறுகளைக் காட்டி, நீரை வடிகட்டிக் குடிக்கக் கற்பித்தார்; கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தார். 1974-இல், தொண்ணூற்றைந்தாம் வயதில், அவர் இறந்தார். உடலை மலைக்குக் கொண்டுசென்று, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கணவரைப் புதைத்த இடத்துக்கு அருகிலேயே மலைமக்கள் அடக்கம் செய்தனர்.